ஒன்பதாவது பை

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு டிசம்பர் மாதத்தின் முதல் கிழமையில், அதன் மனையியல் அறைக்குள் போனேன். பின்சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வெள்ளைத் துணிப் பை. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சீருடைத் துணியை வெட்டிய பிறகு தையல்காரரிடம் மிஞ்சும் துண்டுகளில் தைத்தவை. ஒரு கொப்பியின் பாதி அளவு. வாயில் இழுத்துக் கட்டும் நாடா. கீழோரத்தில், பையைத் தைத்த பிள்ளை தானே தெரிந்தெடுத்த நிறத்தில் ஒரு வரிசைப் பூத்தையல். எந்தப் பையிலும் பெயர் இல்லை.

ஏற்பாட்டைச் செய்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே படிப்பித்த மனையியல் ஆசிரியை. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்தில் மூன்று நான்கு நாள் வராமல் நிற்பதை அவர் வரவு இடாப்பில் கவனித்திருக்கிறார். கேட்டால் எல்லாருக்கும் காய்ச்சல். வீட்டில் பழைய சேலைத் துணிதான். மழைக்காலத்தில் அது காயாது. காயும் நாட்களில் பத்துக் குடும்பம் வரிசை அறைகளில் இருக்கும் லயத்தில் அதை மறைவாகப் போட ஓர் இடம் இல்லை. ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்காரர், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில், மாதம் ஒரு பெட்டி சுகாதார அணையாடைகள் கொடுக்கச் சம்மதித்தார்.

பிள்ளைகளுக்கு அதைக் கேட்டு வாங்க வாய் வரவில்லை. அதற்குத்தான் பைகள். தேவைப்படும் பிள்ளை காலையில் வந்து, பூத்தையல் சுவர்ப்பக்கம் போகும்படி தன் பையைத் திருப்பிவிடுவாள். முதல் இடைவேளைக்குள் ஆசிரியை அதை நிரப்பிவிடுவார். பிள்ளை எடுத்துக்கொண்டு போவாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அந்த வருடம் பெரிய வகுப்புகளின் இடாப்பில் காய்ச்சல்கள் குறைந்தன.

நான் அப்போது ஹட்டனில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பிரதேச நிருபர். டிக்கோயாப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் செய்தி ஆசிரியருக்கு என்மேல் இருந்த மதிப்பு ஒரே காரணத்தால் வந்தது. நான் எண்களில் பிழை விடமாட்டேன். மண் சரிந்தால் எத்தனை குடும்பம் என்று வீடு வீடாகப் போய் எண்ணுவேன். அடுத்தவர் சொன்ன எண்ணை ஒருபோதும் எழுதியதில்லை.

"தங்கச்சி, நீங்கள் ஒரு பொம்பிளை எண்டபடியால்தான் உள்ளுக்கு விட்டனான்," என்றார் ஆசிரியை. "பிள்ளையளின்ர பேர் ஒண்டும் வரக்கூடாது. மருந்துக்கடைக்காரரின்ர பேரும் வேண்டாம்."

"ஒரு பேரும் வராது டீச்சர்."

"பள்ளிக்கூடத்தின்ர பேர்?"

"அது இல்லாட்டி மத்த பள்ளிக்கூடத்துக்காரங்க எப்படி வந்து பாத்துப் படிப்பாங்க?"

அவர் திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினார். பிறகு சரி என்றார். மற்றப் பாடசாலைகளுக்கும் இது போக வேண்டும் என்ற ஆசை என்னைவிட அவருக்கு அதிகம்.

சுவரில் பைகள் வகுப்பு வகுப்பாகத் தொங்கின. அடி வரிசை சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த வகுப்பு. எட்டுப் பைகள். அணையாடைப் பெட்டிகளைக் காட்டுவதற்காக ஆசிரியை அலுமாரியைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் இன்னொரு பை தனியாகத் தொங்கியது. பச்சை நூல். "இது?" என்றேன். "அதுவும் அந்த வகுப்புத்தான்," என்று கதவைச் சாத்தினார். நான் குறிப்புப் புத்தகத்தில் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினேன். அது ஏன் சுவரில் இல்லாமல் அலுமாரிக்குள் தொங்குகிறது என்று கேட்கவில்லை. ஒரு நிருபர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. நான்கு பந்திகள். மூன்றாவது பந்தி இப்படி முடிந்தது: "இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ள வகுப்பின் ஒன்பது மாணவிகளும் இதனால் பயனடைகின்றனர்." எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது. "சுமார்" இல்லை, "பல" இல்லை.

பச்சை நூல் பையின் சொந்தக்காரியை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் வகுப்பிலேயே சின்ன உருவம். கணக்கில் முதலாவது. மற்ற எட்டுப் பேருக்கும் சடங்கு நடந்து முடிந்திருந்தது. இவள் மட்டும் இன்னும் ஆளாகவில்லை என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்களாம். பையை எல்லாரோடும் சேர்ந்து முந்திய வருடமே தைத்து வைத்திருந்தாள். தொங்கவிடத்தான் நாள் வரவில்லை. நான் பாடசாலைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த நாள் வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் ஆளானால் முதல் சொல்ல வேண்டியது தாய்மாமனுக்கு. அவர் பச்சைக் குழை கொண்டுவந்து மறைப்புக் கட்டுவார். இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் முன்விறாந்தையில் ஒரு மூலை. பதினாறு நாள் அவள் அங்கேயே. தட்டு தனி, பாய் தனி, எதையும் தொடக்கூடாது, வெளியே போகக்கூடாது. பரீட்சைக்கு அப்போது இரண்டு கிழமைகூட இல்லை. பிள்ளை தாயிடம் சொன்னாள். தாய் ஆசிரியையிடம் ஓடினார். பரீட்சை முடியட்டும், தை பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மாமனின் சொந்த மகளும் அதே வகுப்பு. சுவரில் ஒன்பதாவது பையைக் கண்டால் அவள் வீட்டில் சொல்லிவிடுவாள். அதனால்தான் அலுமாரி.

இவ்வளவையும் எனக்கு ஆசிரியையும் தாயும் சொன்னார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம், ஹட்டனில் என் அறைக்கு வந்து. தாய் கொழுந்து பறித்த மலையிலிருந்து நேரே வந்திருந்தார். காலில் ஈரமண். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கண்ணே நோர்வூட்டு சலூன்ல பேப்பரு பாத்திருக்காரு. அப்படியே மடிச்சி சட்டப் பையில வச்சிக்கிட்டு நேத்து வந்து நிக்கிறாரு. 'அந்த வகுப்புல எம்மவளோட சேத்து ஒம்போது பொண்ணு. எட்டு வீட்ல சடங்கு சோறு தின்னவன் நான். ஒம்போதாவது யாரு'ங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேப்பர்க்காரங்க தப்பா போட்டுட்டாங்கண்ணேன்னுட்டேன். வேற என்னாத்த சொல்ல?"

"நம்பினாரா?"

"'தப்புன்னா அதே பேப்பர்ல தப்புன்னு போடுவாங்க. போடட்டும், நம்புறேன்'னுட்டாரு. கூடப் பொறந்தவ சொன்னா நம்ப மாட்டாரு. பேப்பரு சொன்னா நம்புவாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஒரே ஒரு எழுத்தும்மா. எட்டுன்னு போட்டுருங்க."

நான் ஆசிரியையைப் பார்த்தேன்.

"சோதனைக்கு இன்னும் ஆறு நாள்," என்றார் அவர். "நாளைக்கோ நாளையிண்டைக்கோ ஒரு சின்னத் திருத்தம் வந்தால் காணும். பிள்ளை கணக்கில விசேட சித்தி எடுக்கக்கூடியவள்."

"டீச்சர், எண்ணிக்கை சரி. நானே எண்ணினேன். சரியா வந்த செய்திக்குத் திருத்தம் போட முடியாது."

"சரியோ பிழையோ எண்டு நான் கேக்கேல்லை, தங்கச்சி."

"பொய்யான திருத்தம் போட்டா நாளைக்கு என் செய்தியை யார் நம்புவாங்க?"

தாய் எங்கள் இருவரின் பேச்சையும் கேட்டுக்கொண்டு நின்றார். "எண்ணினீங்களா?" என்றார். "எட்டோட நிறுத்தியிருக்கலாமே."

நானே வந்து அண்ணனிடம் பேசுகிறேன் என்றேன். பரீட்சையின் பெறுமதியை எடுத்துச் சொன்னால் கேட்பார் என்று உண்மையாகவே நினைத்தேன்.

"நீங்க வந்து என்னா பேசுவீங்க?" என்றார் தாய். "ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதே."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். லயத்து முன்விறாந்தையில் பலகை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். மாமன் எதிரே நின்றார். நோர்வூட்டில் ஒரு கடையில் வேலை செய்பவர். நான் எதிர்பார்த்துப் போன முரட்டு ஆள் அவர் இல்லை. என் பெயரைப் பத்திரிகையில் எப்போதும் பார்ப்பதாகவும், லயங்களைப் பற்றி நான் எழுதுவது நன்றாக இருப்பதாகவும் சொன்னார்.

"நான் படிப்புக்கு எதிரி இல்லைங்க. எம்மவளும்தான் எழுதப் போறா. ஆனா யோசிச்சிப் பாருங்க. ஊரு ஒலகத்துக்கெல்லாம் தெரிஞ்சி எனக்கு மட்டும் தெரியலன்னா நான் என்னா மாமன்? சலூன்ல பாதி சவரத்துல எந்திரிச்சி வந்தேங்க."

"மிச்சப் பாதி இன்னும் அப்படியேதான் இருக்கு," என்றார் அவர் மனைவி வாசலில் இருந்து. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மாமனும் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

பச்சை நூல் பைக்காரி தேநீர் கொண்டுவந்தாள். வெறுந்தேநீர், தட்டில் மூன்று கிளாஸ், ஓரத்தில் சீனி. ஒல்லியான கைகள். விரலில் மைக்கறை. எனக்குத் தந்துவிட்டு மாமனுக்குத் தரத் திரும்பினாள்.

மாமன் கிளாஸை எடுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா," என்றார். "நீங்க எழுதினது. எட்டா, ஒம்போதா?"

தாய் அடுப்படி வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தன் மகளின் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அதிகம் இல்லை. "ஒன்பது," என்றேன். உடனே, "ஆனா அண்ணே, வியாழக்கிழமை பரீட்சை தொடங்குது, பதினாறு நாள்ங்கிறது..." என்று தொடங்கினேன். பஸ்ஸில் வரும்போது வரிசைப்படுத்தி வைத்திருந்த நியாயங்கள். அவற்றை யாரும் கேட்கவில்லை.

மாமன் மனைவி வாசலில் இருந்து இறங்கி வந்தார். கோபமாக இல்லை. அவள் கையிலிருந்து தட்டை வாங்கினார். "கீழ நில்லும்மா. இனி ஒண்ணயும் தொடாத." என் கையிலிருந்த கிளாஸையும் வாங்கினார். நான் பாதிதான் குடித்திருந்தேன். தேநீர் முழுவதையும் வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்றினார்.

தாய்க்கு அப்போதுதான் குரல் வந்தது. "எட்டு நாளா எல்லாத்தையும் தொட்டுக்கிட்டுத்தானே இருந்தா! சோறாக்கினா, தண்ணி தூக்கினா, சாமி வெளக்கு ஏத்தினா. கூரை இடிஞ்சா வுழுந்துச்சி?"

"இடியல," என்றார் ஒரு பக்கத்து வீட்டுப் பெண். "ஒழுகுதுல்ல."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முற்றத்தில் இறங்கி நின்று மாமனைப் பார்த்து, "மாமா, அந்த எட்டு நாளக் கழிச்சிட்டா மிச்சம் எட்டுத்தானே?" என்றாள். "மொத ரெண்டு மூணு பேப்பர்தான் போவும். கணக்கு அடுத்த கிழம."

சரியான கணக்கு. மாமன் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்துதான் கணக்கு, கண்ணு." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு குழை வெட்ட ஆள் அனுப்பினார்.

அவள் பரீட்சை எழுதவில்லை. பாடசாலைக்கு வந்த அனுமதி அட்டை அதிபரின் மேசையிலேயே கிடந்தது. அடுத்த வருடம் எழுதலாம் என்று ஆசிரியை வீட்டுக்குப் போய்ச் சொன்னாராம். அடுத்த வருடத்துக்குள் அவளைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டார்கள்.

மனையியல் அறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். செய்தி வந்த மறுநாளே பிள்ளைகள் தங்கள் பைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தத் தாயும் தன் மகளின் கணக்கு இன்னொரு தடவை பத்திரிகையில் வருவதை விரும்பவில்லை. மாதக்கணக்கில் ஆணிகள் வெறுமையாக இருந்தன. அந்தச் செய்தியைப் படித்து வேறு இரண்டு பாடசாலைகளில் ஆசிரியைகள் இதே ஏற்பாட்டைத் தொடங்கினார்கள் என்பதும் உண்மை. எனக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களை நான் யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம் காட்டவில்லை. அவரும் இடமாற்றம் கிடைத்துப் போகும்வரை என்னிடம் மரியாதையாகவே பேசினார், "தங்கச்சி" என்று மட்டும் கூப்பிடவில்லை.

இவ்வளவு தூரம் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்த ஒன்று இருக்கிறது. அதே வருடம் ஜூலையில், வேறொரு தோட்டத்தில், கூரை ஒழுகும் லய அறைகளைப் பற்றி எழுதினேன். ஒவ்வோர் அறையாகப் போய் அண்ணாந்து பார்த்து எண்ணினேன். இருபத்திரண்டு. செய்தி வந்த அன்று அந்தத் தோட்டத்துத் துரை கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினார். செய்தி ஆசிரியர் என்னிடம் பேசினார். "சின்ன விஷயம்தானே, ஒரு திருத்தம் அனுப்பிவிடும்மா." நான் தொலைபேசியும் ஃபேக்ஸும் வைத்திருந்த கொமினிகேஷன் கடைக்குப் போய், கடைக்காரர் மேசையிலேயே நின்று, "சில அறைகள் மட்டுமே என வாசிக்கவும்" என்று எழுதி ஃபேக்ஸில் அனுப்பினேன். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. உண்மைக்குத் திருத்தம் போட முடியும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை தாய் என் அறையில் நின்றபோது எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நானும் பதின்மூன்று வயதில் அதே போன்ற ஒரு மூலையில் பதினாறு நாள் இருந்தவள். தவணைப் பரீட்சை நடந்த நாட்கள். மற்றப் பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கிப் போகும் சப்பாத்துச் சத்தத்தைக் குழைகளுக்குள் இருந்து கேட்டிருக்கிறேன். அதுவும் நினைவுக்கு வரவில்லை. எண் சரியா என்பது மட்டும்தான் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், நோர்வூட்டில் இருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் ஒரு பெண் மடியில் பிள்ளையோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கு இருமல். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு.

"நீங்க பேப்பரு அக்காதானே?"

கைகளைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்தது. விரலில் மைக்குப் பதில் கொழுந்துக் கறை. நான் நலம் விசாரித்தேன். அம்மா இருக்கிறார், மாமா இறந்துவிட்டார், மாமன் மகள் ஆசிரியையாக இருக்கிறாள். எல்லாவற்றையும் பஸ் இரைச்சலுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் எட்டுன்னு சொல்லியிருக்கணும்," என்றேன்.

அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். "சொல்லியிருக்கலாம்," என்றாள். "ஆனா நீங்க எண்ணினது சரிதான் அக்கா. நானும் அப்படித்தான். கொழுந்து நிறுக்கையில ஒரு கிலோ கொறச்சிப் போட்டா மலையில நான்தான் மொத சத்தம். கணக்கப்பிள்ளை என்னையக் கண்டாலே தராசத் தொடச்சி வைப்பாரு." சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

டிக்கோயாவில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "இன்னும் எழுதுறீங்களா?"

"எழுதுறேன்."

"எங்களப் பத்தி எழுதினா கணக்க மாத்திப் போட்டுருங்க," என்றாள். கேலியாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். பஸ் எடுத்துவிட்டது.

அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஒன்பது பேர் அல்ல. நூலின் நிறமும் பச்சை அல்ல. திருத்தி வாசிக்க உதவும் எதையும் நான் இங்கே தரப்போவதில்லை.